மருந்துக்குத் தப்பி உறங்கும் கிருமிகள்

(கிராம சுகாதாரப் பணியாளர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் கூடியிருந்த பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காசநோயாளி ஒருவருக்கு மருந்து கொடுக்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். மாலை வேளையில் வந்துகொண்டிருந்த காய்ச்சல் நின்றுவிட்டது. இருமல் அடங்கிவிட்டது. பசி எடுக்கிறது, உடல் தேறி, எடையும் கூடியிருக்கிறது. சளியைச் சோதித்துப் பார்த்தால் கிருமி எதுவும் தென்படவில்லை. அறுவடைக் காலமோ நெருங்கிவிட்டது. இந்நிலையில் அவர், "இன்னும் நான்கு மாதங்களுக்கு மாத்திரை எதற்கு? நான்தான் நன்றாக இருக்கிறேனே!" என்று கேட்பாரானால், அது நியாயமற்ற கேள்வி என்று நாம் தள்ளிவிட முடியாது. "டாக்டர் சொல்லியிருக்கிறார், சாப்பிடுங்கள்" என்று விடையளித்துவிட்டு அடுத்த வீட்டிற்குச் செல்வது எளிது. ஆனால் நோயாளி அறிவுள்ளவர். வயலிலும் தறியிலும் காரணகாரியம் பார்த்தே வாழ்பவர். மருந்துக்கும் அவருக்குக் காரணம் சொல்லவேண்டும். அந்த நான்கு மாதங்களின் காரணத்தைத்தான் இன்று உங்களுக்கு விளக்க முற்படுகிறேன்.

எதிர்த்து நிற்பது ஒன்று

கிருமிகள் மருந்துக்குத் தப்பும் வழிகளுள் நம்மிற் பலரும் கேள்விப்பட்டது ஒன்றுண்டு. கிருமியின் பரம்பரைக் கூறில் நேரும் ஒரு சிறு மாற்றத்தினால், மருந்து வந்து பற்றவேண்டிய இடம் உருமாறிவிடும். அல்லது மருந்தையே சிதைக்கும் ஒரு பொருளைக் கிருமி உண்டாக்கத் தொடங்கும். அல்லது உட்புகுந்த மருந்தை, கிணற்றுநீரை இறைப்பதுபோல வெளியே இறைத்துவிடும். இத்தகைய கிருமி மருந்தின் நடுவிலேயே பல்கிப் பெருகும். அதன் வழித்தோன்றல்களும் அவ்வாறே பெருகும். இதனையே மருந்தெதிர்ப்பு என்கிறோம்.

1948-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில் இது தெளிவாகக் காணப்பட்டது. அம்மருந்தைப் பெற்ற காசநோயாளிகள் முதற் சில மாதங்களில் வியக்கத்தக்க அளவில் தேறினர். பின்னர் அவர்களுள் பலருடைய கிருமிகள் அம்மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறிவிட்டன. காசநோய்க்கு ஒரே மருந்தைத் தனியே கொடுத்தலாகாது, பல மருந்துகளைச் சேர்த்தே கொடுத்தல் வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே வேரூன்றியது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை மற்றொரு மருந்து வீழ்த்திவிடும்.

அப்படியானால், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து ஒரே மாதத்தில் சிகிச்சையை முடித்துவிடலாமே? எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லாத கிருமியை ஒழிப்பதற்குங்கூட ஏன் ஆறு மாதங்கள் ஆகின்றன? இதற்கு விடை மருந்தெதிர்ப்பில் இல்லை, வேறோரிடத்தில் இருக்கிறது.

பிகர் கண்ட வியப்பு

பென்சிலின் புதிதாக வந்த காலம். 1942-இல் நியூயார்க்கில் கிளாடிஸ் ஹாபி என்னும் அம்மையாரும் அவருடைய தோழர்களும், பல்கிப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகளையே பென்சிலின் கொல்கிறது என்பதைக் கண்டறிந்தனர். 1944-இல் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜோசப் பிகர் என்னும் பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் கிருமிகளை ஊட்டநீரில் வளர்த்து, அவற்றின்மேல் பென்சிலினைச் செலுத்தினார். கிருமிகள் ஏறக்குறைய முற்றிலும் மாண்டன. ஆனால் எஞ்சிய நீரிலிருந்து மருந்தை நீக்கி மீண்டும் வளர்த்துப் பார்த்தபோது, புதிய கிருமிக்கூட்டம் தோன்றியது. ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அளவில் சில கிருமிகள் உயிர்பிழைத்திருந்தன.

மருந்தை எதிர்க்கும் புதிய இனம் பிறந்துவிட்டதோ என்று எவரும் எண்ணக்கூடும். பிகர் அதையும் சோதித்தார். பிழைத்த கிருமிகளின் வழிவந்த கூட்டத்தின்மேல் மீண்டும் பென்சிலினைச் செலுத்தினார். முன்போலவே அவை மாண்டன; முன்போலவே ஒரு சில மட்டும் எஞ்சின. ஆகவே பிழைத்தவை வேறு இனத்தவை அல்ல, மற்றவற்றின் உடன்பிறப்புகளே. மருந்து வந்த வேளையில் அவை இருந்த நிலைதான் வேறு. பென்சிலின் செய்யும் வேலை, கிருமி தன்னைச் சுற்றி எழுப்பும் சுவரைக் கட்டவொட்டாமல் தடுப்பது. வளர்ந்துகொண்டிருக்கும் கிருமி, சுவர் குலைந்து வெடித்துச் சாகும். வளராமல், சுவர் எழுப்பாமல் அடங்கிக் கிடக்கும் கிருமியிடம் பென்சிலினுக்கு என்ன வேலை? இவற்றைப் பிகர், 'விடாது நிலைப்பவை' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தார். நாம் எஞ்சுகிருமிகள் எனலாம்.

இச்செய்தி உங்களுக்குப் புதியதாகத் தோன்றலாம். ஆனால் இதன் உண்மையை ஒவ்வொரு விவசாயியும் தம் வயலில் கண்டிருக்கிறார். முதல் மழைக்கு நிலத்திலுள்ள களைவிதைகள் எல்லாம் ஒருசேர முளைத்துவிடுவதில்லை. பெரும்பாலானவை முளைக்கும், சில மண்ணுக்குள் வாளாவிருக்கும். முளைத்தவற்றை உழுது மடக்கிவிட்டாலும், அடுத்த மழைக்கு மற்றவை தலைகாட்டும். பின்னே முளைத்த செடி, முன்னே முளைத்த செடியைவிட வலிமையுடையது அன்று. அதே களைக்கொத்துக்கு அதுவும் சாயும். கொத்து வந்த நாளில் அது மண்ணுக்குள் இருந்தது; அவ்வளவுதான்.

விதைப்புக்கு முன்னே நிலத்திற்கு நீர் பாய்ச்சி, களையை முளைக்கவிட்டுப் பின்பு உழும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? பிகரும் ஏறக்குறைய அதையே சொன்னார். மருந்தைச் சிறிது காலம் கொடுத்து, பின் நிறுத்தி, உறங்கும் கிருமிகள் விழித்தெழுந்து வளரத் தொடங்கியதும் மீண்டும் கொடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. எனினும் மருத்துவம் அவ்வழியில் செல்லவில்லை. அவ்வழியில் ஓர் அபாயமும் இருப்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மருந்துக்கு முன்னரே உறக்கம்

பிகரின் கண்டுபிடிப்பு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1983-இல் அமெரிக்காவில் ஹாரிஸ் மோயெட் என்பவர், குடலில் வாழும் ஈ.கோலி என்னும் கிருமியில், எஞ்சுகிருமிகளின் விகிதத்தை மிகுதியாக்கும் ஒரு பரம்பரைக் கூறு இருப்பதைக் கண்டார். ஆயினும் பெரிய கேள்வி ஒன்று எஞ்சியிருந்தது. மருந்தைக் கண்டபின் இக்கிருமிகள் உறங்கப்போகின்றனவா? அல்லது முன்னரே உறங்கிக் கிடந்தனவா?

2004-இல் நத்தாலி பாலபான் என்னும் பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டனர். கிருமிகள் வரிசையாக வளரும்படி மிக நுண்ணிய வரப்புகளை அமைத்து, ஒவ்வொரு கிருமியின் வாழ்க்கையையும் நுண்ணோக்கியின் வழியே படம் எடுத்தனர். ஆம்பிசிலின் மருந்தைச் செலுத்தியபோது வளர்ந்துகொண்டிருந்தவை வெடித்து மறைந்தன. அங்கங்கே சில மட்டும் நின்றன. மருந்து நீங்கியதும் அவை வளரத் தொடங்கின. படத்தைப் பின்னோக்கிப் பார்த்தபோது, மருந்து வருவதற்கு முன்னரே அவை வளராமல் இருந்தது தெரிந்தது. எல்லா நெல்லையும் விதைத்துவிடாமல் சிறிது குதிரில் வைத்துக்கொள்ளும் குடியானவரைப்போல, கிருமிக்கூட்டமும் தன்னுள் ஒரு சிறு பகுதியை எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கிறது. இதில் கிருமியின் திட்டம் எதுவுமில்லை. அவ்வாறு ஒதுக்கி வைத்த கூட்டங்களே பஞ்சத்திலும் நஞ்சிலும் பிழைத்து வந்திருக்கின்றன.

உறக்கம் என்னும் சொல்லை எளிமை கருதியே ஆள்கிறேன். தப்புவன எல்லாம் உறங்குபவை என்று கொள்ளவேண்டா. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநயாசிட் என்னும் மருந்து, கிருமிக்குள் இருக்கும் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பின்னரே நஞ்சாகிறது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த ஒரு கிருமியை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட செய்தியின்படி, அந்நொதி சில கிருமிகளில் எப்போதோ ஒருமுறைதான் சுரக்கிறது. வளர்ந்துகொண்டிருக்கும்போதே அவை பிழைத்துவிடுகின்றன. தப்பும் வழிகள் பல.

நேரம் கற்றுக்கொள்ளும் கிருமி

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். கூட்டம் முழுவதுமே மெல்ல மெல்லச் சாகுமாயின் அதைத் தாங்குதன்மை என்பர். கூட்டத்தின் பெரும்பகுதி விரைந்து மடிந்து, ஒரு சிறு பகுதி மட்டும் நெடுநேரம் பிழைத்திருக்குமாயின் அதை எஞ்சுநிலை என்பர். இரண்டிலும் கிருமியை அடக்கத் தேவையான மருந்தின் அளவு மாறுவதில்லை; கொல்லத் தேவையான காலம்தான் நீள்கிறது. இதனால்தான், மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனையில் இவை அகப்படுவதில்லை. அச்சோதனை, 'எவ்வளவு மருந்து வேண்டும்?' என்று கேட்கிறது. 'எவ்வளவு நாள் வேண்டும்?' என்று கேட்பதில்லை.

பிகரின் யோசனையிலுள்ள அபாயத்தை இப்போது சொல்லலாம். 2014-இல் ஜெரூசலத்தில் பாலபான் குழுவினர் ஈ.கோலி கிருமிகளுக்கு நாள்தோறும் குறித்த நேரம் மட்டும் ஆம்பிசிலின் கொடுத்து, பின் நீக்கி, வளரவிட்டு, மீண்டும் கொடுத்து வந்தனர். ஒரு கூட்டத்துக்கு மூன்று மணி. மற்றொன்றுக்கு ஐந்து மணி. வேறொன்றுக்கு எட்டு மணி. சில சுற்றுகளுக்குள், புதிய ஊட்டநீரில் இட்டவுடனே விழித்தெழாமல், மருந்து இருக்கும் நேரத்தின் அளவுக்கு ஏற்ப உறங்கிவிட்டுப் பிறகு எழும் கிருமிகள் தோன்றிவிட்டன. மூன்று மணி மருந்து கண்ட கூட்டம் அதற்கேற்ற அளவு உறங்கிற்று. எட்டு மணி கண்டது அதற்கேற்ற அளவு உறங்கிற்று. காவற்காரன் ரோந்து வரும் நேரத்தைத் திருடன் கற்றுக்கொண்டதைப்போல் இருக்கிறது அல்லவா? கற்றல் இங்கே பரம்பரை மாற்றத்தின் வழியே நிகழ்ந்தது.

அதே குழுவினர் 2017-இல் மற்றொன்றையும் காட்டினர். இவ்வாறு விட்டுவிட்டு மருந்து காணும் கூட்டத்தில் தாங்குதன்மையே முதலில் தோன்றுகிறது. பின்னர் அந்தக் கூட்டத்திலிருந்தே மருந்தெதிர்ப்பு எளிதில் எழுகிறது. சாகாமல் நீண்ட நேரம் பிழைத்திருக்கும் கிருமிகளுக்கு, எதிர்ப்பைத் தரும் மாற்றம் வாய்க்க வாய்ப்பும் மிகுதியன்றோ? ஆய்வுக்கூடக் குடுவையில் கண்டதை அப்படியே மனித உடலுக்குப் பொருத்திவிடலாகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். எனினும், மாத்திரையை நான்கு நாள் உண்டு மூன்று நாள் விட்டுவிடும் பழக்கத்தை இச்சோதனைகளின் ஒளியில் பார்க்கும்போது அச்சம் உண்டாகத்தான் செய்கிறது.

காசநோயின் கதை

காசநோய்க் கிருமி இயல்பிலேயே மந்தமானது. ஈ.கோலி நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். மேலும், நுரையீரலில் அது ஒரே வகையான இடத்தில் வாழ்வதில்லை. காற்றோட்டமுள்ள குழிகளில் விரைந்து பெருகும். உடலின் காவலணுக்கள் சூழ்ந்து வளைத்த கட்டிகளுக்குள் பிராணவாயு குறைந்து, வளர்ச்சி குன்றி அடங்கிக் கிடக்கும்.

1956-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் மக்யூன், டாம்ப்செட் என்போர், காசநோய் கண்ட எலிகளுக்கு ஐசோநயாசிட், பைரசினமைடு ஆகிய இரு மருந்துகளையும் பன்னிரண்டு வாரம் கொடுத்தனர். அதன்பின் எலிகளின் உறுப்புகளை எவ்வளவு தேடியும் ஒரு கிருமியையும் வளர்த்தெடுக்க முடியவில்லை. நோய் ஒழிந்தது என்றே எவரும் கூறியிருப்பர். ஆனால் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் சென்றபின் பார்த்தால், எலிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் கிருமிகள் மீண்டும் தலையெடுத்திருந்தன. அவை மருந்துக்குக் கட்டுப்படும் கிருமிகளாகவே இருந்தன. சோதனையில் தென்படாமை வேறு, இல்லாமை வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இரண்டாம் மாத முடிவில் நம் நோயாளியின் சளியும் இந்த நிலையில்தான் இருக்கிறது.

மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வன அல்ல என்பது டெனிஸ் மிட்சிசன் என்னும் பிரிட்டிஷ் அறிஞரின் கருத்து. விரைந்து பெருகும் கிருமிகளை ஐசோநயாசிட் முதற் சில நாள்களிலேயே கொன்று குவிக்கிறது. காய்ச்சல் தணிவதும் பசியெடுப்பதும் இதனால்தான். பெரும்பாலும் அடங்கிக் கிடந்து, இடையிடையே சிறிது பொழுது மட்டும் கண்விழிக்கும் கிருமியை ரிபாம்பிசின் பிடித்துக்கொள்கிறது. புளிப்புத்தன்மை மிக்க இடங்களில் ஒடுங்கியிருக்கும் கிருமியைப் பைரசினமைடு தாக்குகிறது. எதாம்பூட்டால் மற்ற மருந்துகளுக்கு எதிர்ப்பு எழாமல் காவல் நிற்கிறது. 1970-இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் தொடங்கிய சோதனைகள், ரிபாம்பிசினோ பைரசினமைடோ சேர்ந்தால் ஆறு மாதமே போதும் என்பதைக் காட்டின. அதற்கு முன் ஓராண்டும் ஒன்றரை ஆண்டும் மருந்துண்ண வேண்டியிருந்தது. ஆறு மாதம் என்பது நீண்ட காலம் என்று முறையிடுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

நான்கு மாதமாகக் குறைக்கவும் முயன்றார்கள். புதிய மருந்துகளைச் சேர்த்து நடத்திய மூன்று பெரிய சோதனைகளின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. நான்கு மாதச் சிகிச்சையில் பெரும்பாலோர் குணமடைந்தனர் என்பது உண்மை. ஆனால் மருந்தை நிறுத்தியபின் நோய் திரும்பியவர்களின் தொகை, ஆறு மாதம் உண்டவர்களிடையே கண்டதைவிடத் தெளிவாகவே மிகுந்திருந்தது. பிறகு ரிபாபென்டைன், மாக்ஸிபுளாக்சசின் ஆகிய இரண்டும் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சை ஆறு மாதத்துக்கு ஈடானது என்று 2021-இல் மற்றொரு சோதனை காட்டியது. ஆனால் அது வேறு மருந்துக்கூட்டு. நம் நோயாளி கையிலுள்ள மாத்திரையை நான்கு மாதத்தில் நிறுத்தலாம் என்பதற்கு அது அனுமதியன்று.

நோயாளியின் வீட்டுக்கே மருந்து என்னும் முறை நம் சென்னையில் மெய்ப்பிக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1956-இல் சென்னை அரசாங்கமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை அமைத்தன. ஏழை நோயாளிகளுள் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றவர்களை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடு, எளிய உணவு, ஓய்வில்லாத உழைப்பு ஆகியவற்றுக்கிடையிலும் வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலனைத் தந்தது என்று 1959-இல் அறிவித்தார்கள். சானடோரியத்தின் கட்டிலைவிட மருந்தே முக்கியம் என்று உலகுக்குத் தெரிந்தது. அதனோடு, மருந்தை நாள் தவறாமல் உட்கொள்ளச் செய்யும் பொறுப்பு வீட்டாரையும் ஊர்ப்பணியாளரையும் வந்தடைந்தது. அந்தப் பொறுப்பைத்தான் நீங்கள் இன்று சுமக்கிறீர்கள்.

வீட்டு வாசலில் சொல்லவேண்டியவை

நோயாளியிடம் பேசும்போது களைவிதையின் உவமையைத் தாராளமாகச் சொல்லுங்கள். "முதல் இரண்டு மாதத்தில் முளைத்த களையை எல்லாம் பிடுங்கியாயிற்று, இந்த நான்கு மாதம், மண்ணுக்குள் கிடப்பது ஒவ்வொன்றாக முளைக்க முளைக்கப் பிடுங்குவதற்கு" என்றால் எவருக்கும் விளங்கும்.

மருந்தை நிறுத்துவதற்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று கொள்வது தவறு. ரிபாம்பிசின் உண்பவரின் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரத்தம் போகிறது என்று அஞ்சி மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. முதல் நாளிலேயே இதைச் சொல்லிவைத்தால் அச்சமில்லை. குமட்டலுக்கும் வயிற்று எரிச்சலுக்கும் மருத்துவரிடம் பரிகாரம் உண்டு. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ, விடாது வாந்தி எடுத்தாலோ அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் "விடாமல் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவது தீங்காய் முடியும்.

மாத்திரை விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் வெறும் வயிற்றோடு ஆறு மாதம் மாத்திரை உண்ண யாரால் முடியும்? ஊட்டச்சத்துக்கென 2018 முதல் மத்திய அரசு வழங்கிவந்த மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை உரியவரின் வங்கிக் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்டறிவதும் ஊராட்சி உறுப்பினர் செய்யக்கூடிய பணியே. வேலை தேடி வெளியூர் செல்வோர் புறப்படுமுன் உங்களிடம் தெரிவித்தால், போகும் ஊரின் அரசு மருத்துவமனையிலேயே மருந்தைத் தொடரும்படி பதிவை மாற்றித் தரமுடியும். தெரிவிக்காமல் சென்றால்தான் தொல்லை.

இன்னொரு செய்தி. காசநோய்க்குச் சொன்ன இந்த நெடுங்கால விதியை எல்லா நோய்க்கும் பொருத்திவிடாதீர்கள். சாதாரணக் கிருமிக் காய்ச்சல்கள் சிலவற்றுக்குக் குறைந்த நாள் மருந்தே நீண்ட நாள் மருந்துக்கு ஈடாகிறது என்று பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. தேவைக்கு மேல் உண்ணும் மருந்தும் எதிர்ப்பை வளர்க்கும். சளி, ஜலதோஷம் முதலியவை பெரும்பாலும் வைரஸால் வருவன. அவற்றுக்கு இம்மருந்துகள் பயன்படா. ஆகவே நாள்களின் எண்ணிக்கையை நோய்க்கேற்ப மருத்துவரே வகுக்கவேண்டும். கடைக்காரரும் அண்டை வீட்டாரும் அல்லர்.

ஆறாம் மாதம் முடிந்தபின்னும் நம் வேலை முடிவதில்லை. நோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே திரும்புகிறது. சிகிச்சை முடிந்த பிறகு ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்து நான்காம் மாதங்களில் நோயாளியை மீண்டும் பார்க்கவேண்டும் என்பது தேசியத் திட்டத்தின் விதி. இருமலும் காய்ச்சலும் இல்லாத ஒருவர், நாமாகச் சென்று அழைத்தாலன்றி அதற்காக மருத்துவமனைப் படியேறமாட்டார். எனவே ஊர் திரும்பியதும், இப்போது மருந்துண்டு வருபவர் ஒவ்வொருவருடைய அட்டையிலும் அந்த நான்கு தேதிகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.